மயிலைப் பங்கின் வம்சாவளி

அரசர்களுக்கு வம்சாவளி உண்டு. விஜயாலயன் மகன் ஆதித்தன், ஆதித்தன் மகன் பராந்தகன் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட ஒப்பித்துவிடுவார்கள். கல்லிலும் செப்பேட்டிலும் வெட்டி வைத்துவிட்டபடியால் அந்தப் பெயர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளாக அழிவில்லை. ஆனால் அந்த அரசர்களுக்கு நெல் அளந்த குடியானவனின் பெயர் என்ன? அவர்களுடைய கப்பல்களைக் கடலில் தள்ளிய பரதவனின் தகப்பன் பெயர் என்ன? அவன் மனைவி எந்த ஊர்ப் பெண்? இவற்றைச் சொல்ல ஒரு கல்லும் இல்லை.

நம்முடைய வீடுகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். அமாவாசையன்று தர்ப்பணம் செய்கிறவர் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லுகிறார். நாலாவது தலைமுறையைக் கேட்டால் வைதிகர் முகத்தைப் பார்க்கிறார். தாய் வழியில் மூன்றாவது பெயரே பல வீடுகளில் தகராறுதான். காசிக்கும் ஹரித்துவாரத்துக்கும் போய் வந்தவர்கள், அங்குள்ள பண்டாக்களின் நீண்ட ஏடுகளில் தங்கள் பாட்டனாரின் கையெழுத்தைக் கண்டு மெய்சிலிர்த்துச் சொல்வதுண்டு. அத்தகைய ஏடு நம் ஊரில் இல்லையே என்று ஏங்குகிறோம்.

உண்மையில் நம் ஊரிலேயே அத்தகைய ஏடுகள் உண்டு. மயிலாப்பூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள மாதா கோயில்களின் அலமாரிகளில், தடித்த தோல் அட்டைகளுக்கு நடுவே, மீனவர், தோட்டக்காரர், சமையற்காரர், குமாஸ்தா, ஆசிரியர், வியாபாரி ஆகிய சாமானியர்களின் பிறப்பும் கலியாணமும் மரணமும் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. ராஜா ராணிகளின் சரித்திரத்தில் இடம் பெறாத ஒரு சமூகத்தின் வம்சாவளி அது. எந்த மதத்தைச் சேர்ந்தவராயினும், தம் முன்னோரின் பெயரை அறிய விரும்பும் எல்லாருக்கும் அதில் பாடம் உண்டு.

காட்டுக்குள் ஒரு கோயில்

கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஊர்ப் பகுதியைப் 'பங்கு' என்பார்கள். அதன் குரு பங்குச் சாமியார். பங்கு என்றால் பாகம். குடும்பச் சொத்தில் ஒருவருக்கு உள்ள பாத்தியதையையும் நாம் அந்தச் சொல்லாலேயே குறிக்கிறோம். ஒரு கோயிலில் பிறப்புப் பதிவாகி, அதே கோயிலில் கலியாணமாகி, அதன் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கமாகிறவனுக்கு அந்த ஊரில் பங்கு உண்டு என்பதில் சந்தேகம் என்ன?

இன்று லஸ் முனையில் மோட்டார் வண்டிகளுக்கிடையே தெருவைக் கடக்கிறவர், அந்த இடம் ஒரு காலத்தில் காடாக இருந்தது என்றால் நம்பமாட்டார். ஆனால் அங்குள்ள பழைய மாதா கோயிலுக்கு ஜனங்கள் வைத்த பெயர் 'காட்டுக் கோயில்'. 'லஸ்' என்பது போர்த்துகீசிய பாஷையில் ஒளி. கடலில் தத்தளித்த மாலுமிகளுக்குக் கரையில் ஓர் ஒளி தோன்றி வழிகாட்டியது என்றும், அது மறைந்த இடத்திலேயே கோயில் எழுந்தது என்றும் கர்ணபரம்பரைக் கதை கூறுகிறது. கோயிலிலுள்ள கல் 1516ஆம் ஆண்டைச் சொல்லுகிறது. அந்தக் கல் பிற்காலத்தில் பதிக்கப்பட்டது என்று கருதும் ஆராய்ச்சியாளரும் உண்டு. எப்படியாயினும், கோட்டையும் சென்னப்பட்டணமும் தோன்றுவதற்கு முந்திய கோயில் அது.

கடலோரத்துச் சாந்தோமின் கதை இன்னும் பழையது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ, இந்தக் கரையில் உள்ள தோமையாரின் கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அதை வணங்கியதாகவும், அந்த இடத்து மண்ணை ஜுரத்துக்கு மருந்தாகக் கொண்டு சென்றதாகவும் அவர் கூறுகிறார். 1523இல் போர்த்துகீசியர் அங்கே கோயிலைப் புதுப்பித்தார்கள். 1545இல் சவேரியார் சில மாதங்கள் மயிலையில் தங்கினார். 1606இல் மயிலை, பிஷப் ஒருவருக்குரிய தனி மறைமாவட்டமாயிற்று. அதன் எல்லை வங்காளத்தையும் தாண்டிப் பர்மாவின் பெகு வரையில் நீண்டது. தமிழில் நூல்கள் எழுதி, சந்நியாசி வேஷம் பூண்டு வாழ்ந்த ராபர்ட் டி நொபிலி கண்பார்வை குன்றிய முதுமையில் 1656இல் மயிலாப்பூரிலேயே காலமானார்.

பிறகு ஊர் பலமுறை கைமாறியது. 1662இல் கோல்கொண்டாப் படை பிடித்தது. 1672இல் பிரெஞ்சுக்காரர் பிடித்து, இரண்டு ஆண்டுகளில் இழந்தார்கள். 1749இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. கொடிகள் மாறினவே தவிர, குடிகள் மாறவில்லை. வலை வீசுகிறவர் வீசினார்கள்; பிள்ளை பெறுகிறவர் பெற்றார்கள். பழைய கோயிலை எடுத்துவிட்டு 1893இல் தொடங்கிய இன்றைய சாந்தோம் பேராலயம் 1896 ஏப்ரல் 1ந் தேதி அபிஷேகம் செய்யப்பட்டது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சம்பந்தர் பாடிய கபாலீச்சரம் கடலோரத்தில் இருந்ததென்றும், போர்த்துகீசியர் காலத்தில் அது அழிந்ததென்றும், இன்றுள்ள கோயில் பின்னரே எழுந்ததென்றும் சரித்திர ஆசிரியர் பலர் கருதுகிறார்கள். சாந்தோம் கோயிலை ஒட்டித் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. ஓர் ஊரின் வம்சாவளியை எழுதப் புகுந்தவன் தனக்கு உகந்த பக்கத்தை மட்டும் படிக்கலாகாது. மயிலையின் மண்ணில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல ஏடுகள் கிடக்கின்றன.

ஐந்து புத்தகங்கள்

பங்குகளில் பதிவேடு வைக்கும் வழக்கம் எப்படி வந்தது? ஐரோப்பாவில் ரகசியக் கலியாணங்களால் பெருங் குழப்பம் விளைந்து வந்தது. ஒருத்தியை மணந்தவன் மறு ஊருக்குப் போய் இன்னொருத்தியை மணப்பான். கேட்டால் முதல் கலியாணமே நடக்கவில்லை என்பான். இதைத் தடுக்க 1563இல் திரிதெந்து நகரத்துச் சங்கம் ஒரு விதி செய்தது. பங்குக் குருவும் சாட்சிகளும் முன்னிருந்து கலியாணம் நடக்க வேண்டும். அதைப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஞானஸ்நானத்தையும் எழுத வேண்டும். 1614இல் ரோமாபுரியில் வெளியான சடங்கு நூல் ஐந்து புத்தகங்களுக்கு விதி வகுத்தது. ஞானஸ்நானம், உறுதிபூசுதல், கலியாணம், மரணம் ஆகிய நான்குக்கும் ஒவ்வொன்று. பங்கிலுள்ள குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுக்கும் ஆத்தும கணக்கு ஐந்தாவது.

ஒரு ஞானஸ்நானப் பதிவில் என்ன இருக்கிறது? பார்வைக்கு நாலு வரிதான். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, தகப்பன் பெயர், தாய் பெயர், குடியிருக்கும் இடம், ஞானத்தகப்பன், ஞானத்தாய், கடைசியில் குருவின் கையெழுத்து. இந்த நாலு வரியில் ஒரு குடும்பத்தின் உறவும் அந்தஸ்தும் அடங்கிவிடுகின்றன. ஞானத்தகப்பனாக நிற்பவர் பெரும்பாலும் மாமனோ, சிற்றப்பனோ, குடும்பத்துக்கு வேண்டிய பெரிய மனிதரோதான். ஒரே மனிதரின் பெயர் பல குழந்தைகளுக்கு ஞானத்தகப்பனாக வருமானால், அவர் அந்தத் தெருவின் நாட்டாண்மைக்காரர் என்று ஊகிக்கலாம். தாயின் பெயர் மாறித் தகப்பன் பெயர் மாறாதிருந்தால், மரணப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். பிரசவத்தில் இறந்த முதல் மனைவியின் பெயர் அங்கே காத்திருக்கக்கூடும்.

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் 'ஓலை' வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் நெருங்கிய உறவாயிருந்தால் விசேஷ அனுமதி பெற வேண்டும். அதையும் பதிவு செய்ய வேண்டும். மாமன் மகளையும் அத்தை மகனையும் உரிமையாகக் கொள்ளும் நம் நாட்டில் இந்தக் குறிப்புகள் சாதாரணம். உறவின் முறையை அதிலிருந்தே அறியலாம்.

1908இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் இந்தப் புத்தகங்களைச் சங்கிலியாகக் கோத்தது. ஒருவர் எந்த ஊரில் கலியாணம் செய்துகொண்டாலும், அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு எழுதி அனுப்ப வேண்டும். அங்கே அவர் பெயரின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். லஸ் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற பெண் ரங்கூனில் வாழ்க்கைப்பட்டாலும், விதிப்படி அவள் கலியாணம் லஸ்ஸிலுள்ள அவளுடைய வரியின் ஓரத்திற்கு வந்து சேர வேண்டும். பிறந்த வீட்டுக்குக் கடிதம் வருவதுபோல் இது.

பெயரில் இருக்கும் சரித்திரம்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கிறது. அடுத்த தலைமுறையில் அதுவும் போய்விடுகிறது. ஆகையால் ஐரோப்பியனைப்போல் ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு பத்துத் தலைமுறை ஏற நம்மால் முடியாது. தகப்பன், தாய், ஞானப்பெற்றோர், குடியிருப்பு ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே ஒவ்வொரு படியாக ஏற வேண்டும்.

ஆயினும் தமிழ்க் கிறிஸ்தவப் பெயர்கள் வேறு வகையில் உதவுகின்றன. 'பவுலுஸ்' என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள். அவர் நம்மிடையே சின்னப்பர் ஆனார். யோவான் என்ற எபிரேயப் பெயரில் கடவுளின் அருள் என்ற கருத்து இருக்கிறது; அவர் அருளப்பர். பேதுரு இராயப்பராகவும், சவேரியார் சவரிமுத்துவாகவும், யோசேப்பு சூசையாகவும் தமிழ் உடை உடுத்தினார்கள். அந்நியப் பெயரை அப்படியே விழுங்காமல் மென்று தன்மயமாக்கிக்கொண்ட தமிழின் சாமர்த்தியத்துக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? சில பெயர்கள் காலத்தையும் காட்டும். பிரான்ஸ் தேசத்து லூர்து கிராமத்தில் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படுவது 1858ஆம் ஆண்டு. ஆகவே லூர்துசாமி, லூர்தம்மாள் என்ற பெயர்களைக் கண்டால், அந்தக் குழந்தை அதற்குப் பின் பிறந்தது என்று துணிந்து சொல்லலாம்.

பெயரை நம்பி ஏமாறுவதும் உண்டு. மயிலையில் 'மத்ரா' அல்லது 'மதேய்ரோஸ்' என்ற போர்த்துகீசியக் குடும்பம் செல்வாக்குடன் வாழ்ந்தது. லாசரஸ் கோயிலோடு அக்குடும்பத்துக்குத் தொடர்பு உண்டு. மதராஸ் என்ற பெயரே இவர்களிடமிருந்துதான் வந்தது என்று சிலர் வாதித்தார்கள். குடும்பப் பெருமைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் போர்த்துகீசியர் இந்தியாவுக்கு வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்திய, 1367ஆம் ஆண்டைச் சேர்ந்த விஜயநகர காலத்துக் கல்வெட்டு ஒன்றில் 'மாதரசன்பட்டினம்' என்ற துறைமுகத்தின் பெயர் இருப்பது 2015இல் வெளியாயிற்று. வம்சாவளி தேடுகிறவனுக்கு முதல் பாடம் இதுவே: ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே.

கனடாவின் கிராமங்கள்

பங்குப் புத்தகத்தைக் கொண்டு ஒரு ஜனசமூகமே தன்னை அறிந்துகொண்ட அதிசயம் கனடா தேசத்தின் க்விபெக் மாகாணத்தில் நடந்தது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் அங்கே செயின்ட் லாரன்ஸ் நதிக்கரையில் குடியேறினார்கள். நதியிலிருந்து உள்நோக்கி நீளும் குறுகிய வயல்கள். இடையிடையே கோபுரத்துடன் ஒரு கோயில். அதைச் சுற்றி ஒரு பங்கு. 1663 முதல் 1673 வரை பிரெஞ்சு மன்னர் சுமார் 800 இளம் பெண்களை அங்கே அனுப்பி வைத்தார். அந்தப் பெண்களின் கலியாணங்கள் பங்குப் புத்தகங்களில் ஏறின.

1640இல் க்விபெக் நகரத்துக் கோயில் தீப்பற்றி எரிந்தபோது பதிவேடுகளும் சாம்பலாயின. குருமார் சும்மா இருந்துவிடவில்லை. நினைவிலிருந்த பெயர்களைக் கொண்டு பக்கங்களை மறுபடி எழுதினார்கள். 1679 முதல் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றைக் கோயிலிலும் மற்றொன்றை அரசாங்க நீதிஸ்தலத்திலும் வைத்தார்கள். 1763இல் தேசம் ஆங்கிலேயருக்குப் போயிற்று. ஆட்சி போயிற்று, கொடி போயிற்று. பங்குப் புத்தகம் மட்டும் நிற்காமல் நடந்தது. தாங்கே என்ற குரு ஊர் ஊராகத் தேடி, 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளில் அந்தக் குடும்பங்களின் வம்சாவளியை அச்சிட்டார். 1966இல் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் அதே ஏடுகளை ஆதாரமாகக் கொண்டு, ஆதிக் குடியேறிகள் முதற்கொண்டு அச்சமூகத்தின் கணக்கை எடுக்கத் தொடங்கினார்கள். இன்று அங்குள்ள ஒரு சாதாரணக் குடியானவன் தன் பாட்டிகளில் எந்தப் பெண்மணி மன்னர் அனுப்பிய கப்பலில் வந்தவள் என்று விரல்விட்டுச் சொல்லலாம். தோற்ற ஒரு ஜனசமூகம் தன் பெயரைத் தோற்காமல் காத்துக்கொண்டது இப்படித்தான்.

பெயரில்லாத தாய்

நம் பக்கத்துக்கு வருவோம். ஜார்ஜ் கோட்டையிலுள்ள மேரி கோயிலின் கலியாணப் புத்தகம் பிரசித்தமானது. 1680இல் எலிஹு யேலின் கலியாணமும் 1753இல் ராபர்ட் கிளைவின் கலியாணமும் நடந்த கோயில் அது. கம்பெனியார் தங்கள் கோயில் பதிவுகளுக்குப் பிரதி எடுத்து லண்டனுக்கு அனுப்பி வந்தார்கள். அவை பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கிளைவின் பேரன் பேத்திகள் தங்கள் கிளையைத் தேட வேண்டுமானால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே தேவையில்லை.

ஆனால் அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் இந்திய ஸ்திரீகளுக்கும் பிறந்த குழந்தைகளின் பதிவுகளைப் பாருங்கள். தகப்பன் பெயர் இருக்கும். அவன் பட்டாளத்தின் பெயர் இருக்கும். தாய்க்கு எதிரே பல இடங்களில் 'சுதேசி ஸ்திரீ' என்ற பொருள்பட இரண்டு வார்த்தை. அதுவும் இல்லாவிட்டால் வெற்றிடம். பத்து மாதம் சுமந்தவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அவளைப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர். அதை எழுத இறகுப் பேனாவில் மை இல்லாமற் போயிற்று! ஒரு நாடு அடிமைப்படுவது யுத்தகளத்தில் மட்டும் அல்ல, இத்தகைய வெற்றிடங்களிலும்தான். அதோடு ஒப்பிட்டால், மனைவியின் பெயரையும் மரக்காலின் அளவுக்குக்கூட மதிக்கப்படாத கூலிக்காரனின் பெயரையும் எழுதி வைத்த பங்குப் புத்தகத்தின் அருமை விளங்கும்.

வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் கொள்ளுப்பாட்டியின் பெயரைக் கேட்டுப் பார்த்தவன் நான். நாற்பது பேரில் நாலு பேர் சொன்னால் அதிகம். 'பாட்டியின் அம்மா' என்பார்கள். அதுவும் பெயரில்லாத தாய்தானே? நாமே விட்ட வெற்றிடம் அது.

என்ன செய்யலாம்?

பிறப்பு இறப்புப் பதிவு தேசம் முழுவதும் கட்டாயமானது 1969ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான். அதற்கு முன் பிறந்த பல கிறிஸ்தவர்களுக்கு வயதுக்கு அத்தாட்சி ஞானஸ்நானப் பத்திரம்தான். பென்ஷன், பாஸ்போர்ட், பாகப் பிரிவினை என்று வரும்போது அவர்கள் பிள்ளைகள் பங்கு அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். ஆனால் மயிலையில் தேடுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. நீண்ட காலம் இந்நகரில் இரண்டு திருச்சபை அதிகாரங்கள் அருகருகே நடந்தன. போர்த்துகீசிய அரசின் ஆதரவிலிருந்த மயிலை மறைமாவட்டம் ஒன்று, ரோமாபுரியின் நேர் ஆணைக்குட்பட்ட சென்னை மறைமாவட்டம் மற்றொன்று. 1952இல் இரண்டும் ஒன்றாகிச் சென்னை-மயிலை உயர் மறைமாவட்டமாயின. ஆகையால் அண்ணன் பெயர் ஒரு கோயிலிலும் தம்பி பெயர் வேறொரு கோயிலிலும் இருக்கக்கூடும். நகரம் பெருகப் பெருகத் தாய்க் கோயிலிலிருந்து கிளைக் கோயில்கள் பிரிந்து தனிப் பங்குகள் ஆகியுமிருக்கின்றன. குடும்பத்தின் வம்சாவளியைத் தேடுமுன் கோயில்களின் வம்சாவளியைத் தெரிந்துகொள்வது நல்லது.

புத்தகங்களுக்குச் சத்துருக்கள் பலர். கடற்காற்றின் ஈரம் ஒன்று, செல் இன்னொன்று. பழைய மையே காலப்போக்கில் காகிதத்தை அரித்து எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விடுவதும் உண்டு. பதிவுகளுக்கு ஆண்டுதோறும் பிரதி எடுத்து பிஷப் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு விதித்தது. அதற்கு முந்திய ஏடுகளின் ஆயுள் அந்தந்தக் கோயில் அலமாரியின் ஆயுள்தான். அவற்றைப் படம் பிடித்து வைக்கும் வசதி இன்று சாதாரணமாக இருக்கிறது. பங்குச் சபையார் மனம் வைத்தால் நடக்காத காரியம் அல்ல. லத்தீனும் போர்த்துகீசியமும் கலந்த கையெழுத்தைப் படிக்கக் கல்லூரி மாணவர் சிலரைப் பழக்கினால், அது தேசத்துக்குச் செய்யும் உத்தமமான சேவையாகும்.

மற்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் பங்குப் புத்தகம் இல்லை. ஆனால் பாட்டி இருக்கிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருங்கள். அவள் தாயின் பெயர், அந்தத் தாயைப் பெற்றவளின் பெயர், அவர்கள் பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், பெற்றதும் இழந்ததும் ஆகிய குழந்தைகள் எல்லாவற்றையும் தேதி தெரிந்தவரை தேதியுடன் எழுதுங்கள். க்விபெக்கின் குருமார் எரிந்துபோன ஏட்டை நினைவிலிருந்து மறுபடி எழுதினார்கள். நம் வீட்டு ஏடு எரியவில்லை. இன்னும் எழுதப்படவே இல்லை. அதைச் சொல்லக்கூடியவள் திண்ணையில் உட்கார்ந்து, யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருக்கிறாள்.